பாட்டு வாத்தியார் பெற்ற குதிரை

மெல்நடை மோர்கன் குதிரைகளின் வரலாறும், அவற்றை வாங்கி வளர்ப்போர் அறியவேண்டியவையும்

கொடுத்த கடன் பணமாகத் திரும்பி வராதபோது, கையிற் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்வது உலக வழக்கம். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலே, றான்டொல்ஃப் என்னும் மலைநாட்டு ஊரில் வாழ்ந்த ஜஸ்டின் மோர்கன் என்பவருக்கும் இவ்வாறே நேர்ந்தது என்பர். அவர் செல்வர் அல்லர். ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும், ஆலயங்களிற் பாடுவோருக்குச் சங்கீதம் பயிற்றியும் வாழ்க்கை நடத்தியவர். பக்திப் பாடல்களுக்கு மெட்டமைப்பதில் வல்லவர். அவருடைய மெட்டுகளை இன்றும் பாடுவோர் உளர். தமக்கு வரவேண்டிய கடனொன்றை வாங்குவதற்காக மசாசூசெற்ஸ் மாநிலத்துக்குச் சென்ற அவர், பணத்துக்குப் பதிலாக ஒரு சிறு குதிரைக்குட்டியோடு ஊர் திரும்பினார் எனப் பழைய கதை கூறுகின்றது.

1789ஆம் ஆண்டிற் பிறந்த அந்தக் குட்டிக்கு ‘ஃபிகர்’ என்று பெயர். செங்கபில நிறம், கரிய பிடரி, கரிய வால். முழு வளர்ச்சியடைந்த பின்னரும் அதன் உயரம் 14 கைக்கு மேற் சென்றதில்லை. குதிரையின் உயரத்தைப் பிடரியின் அடியிலிருந்து நிலம்வரை அளந்து ‘கை’ என்னும் அளவாற் குறிப்பது மேனாட்டார் வழக்கம். ஒரு கை என்பது 4 அங்குலம். எனவே ஃபிகர் ஏறக்குறைய 4 அடி 8 அங்குல உயரமே உடையது. நிறையும் 1,000 இறாத்தலுக்குக் குறைவு. உழவுக்கும் மரம் இழுப்பதற்கும் பெருங்குதிரைகளைத் தேடிய குடியானவர்களுக்கு, பாட்டு வாத்தியாரின் குதிரை விளையாட்டுப் பொருளாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

ஆனால், உருவம் வேறு, உரம் வேறு என்பதை அவ்வூரார் விரைவில் அறிந்தனர். வறுமையினால் மோர்கன் அக்குதிரையைக் காடு வெட்டும் ஓர் அயலவருக்குக் குத்தகைக்கு விட்டார். பெருங்குதிரைகள் அசைக்கமாட்டாது விட்ட ஒரு மரக்குற்றியை, அதன்மீது மூன்று ஆடவர் ஏறி அமர்ந்திருக்க, ஃபிகர் இழுத்துச் சென்றது என்பது அங்கு வழங்கும் கதை. நியூயோர்க்கிலிருந்து வந்த பந்தயக் குதிரைகள் இரண்டினை 1796ஆம் ஆண்டிற் புறூக்ஃபீல்ட் என்னும் ஊரில் அது வென்றது என்பது இன்னொரு கதை. பகலெல்லாம் மரம் இழுத்து, மாலையிற் பந்தயம் ஓடி, ஞாயிறன்று குடும்பத்தாரை ஆலயத்துக்குச் சுமந்து சென்ற குதிரை அது. டி. சி. லின்ஸ்லி என்பவர் முதியோர் பலரின் நினைவுகளைத் திரட்டி, 1857ஆம் ஆண்டில் மோர்கன் குதிரைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இக்கதைகளுட் பலவும் அந்நூலின் வாயிலாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

தம் குதிரையின் புகழைக் காண வாத்தியார் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். 1791இல் மனைவியை இழந்தார். 1798இற் காசநோய்க்குத் தாமும் இரையானார். குதிரையோ ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறி விலைப்பட்டது. அது இறுதியில் அடைந்த கதி நம் நெஞ்சை உருக்குவது. 1821ஆம் ஆண்டில், தன் முப்பத்திரண்டாம் வயதில், திறந்த வெளியிற் பிற குதிரைகளுடன் விடப்பட்டிருந்தபோது, அவற்றுள் ஒன்று உதைத்ததனால் விலாவிற் காயமுற்று, தக்க பராமரிப்பின்றி அது இறந்தது. பணத்துக்குப் பதிலாக வந்த அக்குதிரை, தன்னை வைத்திருந்தோர் எவரையும் செல்வராக்கவில்லை. ஆனால், வாத்தியாரின் பெயரையே தன் குலப்பெயராக்கிக்கொண்டு ஓர் இனத்தையே அது தோற்றுவித்தது.

ஷெர்மன், புல்றஷ், வூட்பரி என்னும் அதன் ஆண்மக்கள் மூன்றும் அவ்வினத்தின் தூண்களாயின. தாய் யாராயினும் குட்டிகள் தந்தையின் சாயலையே பெற்றன என்பது இனவிருத்தி செய்தோரை வியப்பில் ஆழ்த்திய செய்தி. ஜோசப் பற்றெல் என்பவர் 1894ஆம் ஆண்டில் இவ்வினத்தின் வம்சாவளிப் பதிவேட்டின் முதற்றொகுதியை வெளியிட்டார். அவர் வழங்கிய பண்ணையில் 1907 முதல் அமெரிக்க அரசாங்கமே மோர்கன் குதிரைகளை வளர்த்தது. 1951இல் அப்பண்ணை வெர்மொன்ற் சர்வகலாசாலையின் பொறுப்பில் வந்தது. 1961இல் மோர்கன் குதிரை வெர்மொன்ற் மாநிலத்தின் மிருகமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இவ்வளவு புகழ்பெற்ற இனத்தினுள்ளே, நெடுங்காலம் பலராலும் வேண்டப்படாதிருந்த ஒரு சிறு கிளை உண்டு. அதுவே ‘மெல்நடை மோர்கன்’. இக்கட்டுரை அதனைப் பற்றியதே.

தகதிமி என்னும் நடை

குதிரையின் நடையை ஐங்கதி என வகுத்துக் கூறுவது நம் முன்னோர் மரபு. மேனாட்டார் பெரும்பாலான குதிரைகளுக்கு இயல்பாயுள்ள நடைகள் நான்கு என்பர். அவற்றைக் கண்ணாற் காண்பதிலும் காதாற் கேட்டுணர்வது எளிது. மாணவர்கள் தம் விரல்களால் மேசையிலே தட்டிப் பார்க்கலாம்.

சாதாரண நடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்திற் படும். ‘த - க - தி - மி’ என்று நிதானமாக நான்கு ஒலி கேட்கும். அடுத்தது துள்ளோட்டம். இதில் முன்வலக் காலும் பின்னிடக் காலும் ஒருங்கே எழும். அடுத்து முன்னிடக் காலும் பின்வலக் காலும் ஒருங்கே எழும். ஆகவே ‘தா - தீ, தா - தீ’ என இரண்டு ஒலியே கேட்கும். ஒரு சோடிக் கால்கள் எழுந்து மறுசோடி ஊன்றுவதற்குள் குதிரை அந்தரத்தில் நிற்கும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தின் முடிவிலேதான் மேலிருப்பவர் தூக்கியெறியப்பட்டுச் சேணத்தில் மோதுகின்றார். மூன்றாவது மென்பாய்ச்சல்; அது ‘தகிட, தகிட’ என மூன்றொலி உடையது. நான்காவது நாலுகாற் பாய்ச்சல்.

சில குதிரைகளுக்கு மட்டும், துள்ளோட்டத்துக்குப் பதிலாகவோ அதனோடு கூடவோ, வேறொரு நடை பிறவியிலேயே அமைந்திருக்கும். சாதாரண நடையைப் போலவே நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றும். ஆனால், வேகமோ துள்ளோட்டத்தின் வேகமாயிருக்கும். பின்னிடக் கால், முன்னிடக் கால், பின்வலக் கால், முன்வலக் கால் என்பது ஊன்றும் ஒழுங்கு. ‘தகதிமி, தகதிமி’ என்று இடைவெளி பிசகாமல் விரைந்து ஒலிக்கும். எப்பொழுதும் ஒரு காலேனும் நிலத்திற் பதிந்திருப்பதால், குதிரையின் முதுகு துள்ளுவதில்லை; மேலிருப்பவர் ஊஞ்சலில் அமர்ந்தவர்போலச் செல்லலாம். அமெரிக்கர் இதனை ஒற்றைப்பாத நடை என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். நான்கு ஒலிகளும் சமமாய் அமையாது இரண்டிரண்டாய் நெருங்குமாயின் அது வேறுபெயர் பெறும். ஒருபுறத்துக் கால்கள் இரண்டும் ஒருங்கே எழுந்து ஒருங்கே ஊன்றினால் அது ஒருபுற ஓட்டம். அதில் மேலிருப்பவர் பக்கவாட்டில் ஆட்டப்படுவார்.

முதுகுவலி உடையோர்க்கும், முதியோர்க்கும், நாள் முழுவதும் மலைப்பாதையிற் செல்வோர்க்கும் இத்தகைய மென்னடைக் குதிரை கிடைத்தற்கரிய பேறாகும்.

வேண்டாதது வேண்டியதான கதை

இந்த நடை மோர்கன் இனத்தில் எவ்வாறு புகுந்தது? குடியேற்றக் காலத்தில், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் நறகான்செற் என்றொரு குதிரையினம் இருந்தது. றோட் ஐலண்ட் பகுதியிற் பேர்பெற்ற அவ்வினம், மென்னடைக்கே உரியது. செவ்வையான வீதிகள் இல்லாத அக்காலத்தில் நெடும்பயணம் செய்வோர் அதனையே நாடினர். அக்குதிரைகள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக விற்கப்பட்டன; எஞ்சியவை பிற இனங்களோடு கலந்தன; 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வினம் மறைந்தொழிந்தது. ஃபிகரும் அதன் மக்களும் கூடிய பெண்குதிரைகள் அந்நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவையாதலின், மறைந்த இனத்தின் நடை அவற்றின் வாயிலாக மோர்கன் குருதியிற் கலந்திருத்தல் கூடும் என்பது பலருடைய கருத்து. மோர்கன் பதிவேடு பிற இனக் கலப்புக்கு 1948ஆம் ஆண்டுவரை முற்றாக அடைக்கப்படவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வீதிகள் திருந்தியதும் நிலைமை மாறிற்று. மக்கள் குதிரைமீது ஏறிச் செல்வதை விடுத்து வண்டியிற் செல்லத் தலைப்பட்டனர். வண்டி இழுப்பதற்குத் துள்ளோட்டமே ஏற்றது. துள்ளோட்டப் பந்தயங்களும் பெருகின. 1849இற் பிறந்த ஈதன் அலன் என்னும் மோர்கன் குதிரை அப்பந்தயங்களிற் பெரும்புகழ் ஈட்டியது. பின்னாளிற் காட்சிப் போட்டிகளிலும் நடை, துள்ளோட்டம், மென்பாய்ச்சல் ஆகிய மூன்றுமே மோர்கனின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டன. இந்நிலையில், மென்னடை பயிலும் குட்டி பிறந்தால் அதனைக் குறையுடையதாகவே கருதினர். ஓசைப்படாது விற்றுவிடுவதும், பயிற்சியினால் துள்ளோட்டத்துக்குத் திருப்பிவிடுவதும் வழக்கமாயின. எனினும், மேற்குப் பகுதிப் பண்ணையாளர் சிலரும் மலைப்பாதைப் பயணிகளும் அக்குதிரைகளின் அருமையை உணர்ந்து போற்றி வந்தமையால், அக்கிளை அடியோடு அற்றுப் போகவில்லை.

ஒரு தலைமுறை வேண்டாமென ஒதுக்கியதை இன்னொரு தலைமுறை தேடி ஓடுவதற்குக் கறுப்பு அலன் என்னும் குதிரையின் கதையே தக்க சான்று. அது 1886ஆம் ஆண்டிற் பிறந்தது. தந்தை துள்ளோட்டப் பந்தயக் குலத்தது. தாயாகிய மகி மார்ஷல் மோர்கன் குலத்தது. துள்ளோட்டப் பந்தயத்தில் வெல்லும் எனப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அக்குதிரை, ஒருபுற ஓட்டத்தையே விரும்பி ஓடிற்று. உரிமையாளர் மனமுடைந்தனர். அது பலமுறை கைமாறியது. ஒருமுறை ஒரு பெண்குட்டி, ஒரு பசு, 20 டொலர் ஆகியவற்றுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டதாம். இறுதியில் டெனசி மாநிலத்தை அடைந்த அதன் வழியிலேதான் உலகப் புகழ்பெற்ற டெனசி நடைக்குதிரை இனம் தோன்றியது. 1935ஆம் ஆண்டில் அவ்வினத்துக்குச் சங்கம் அமைத்தவர்கள், மூலக்குதிரைகளின் வரிசையில் முதலாம் இலக்கத்தைக் கறுப்பு அலனுக்கே வழங்கினர். அப்பொழுது அது இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

விஞ்ஞானம் கண்ட விடை

நடை பயிற்சியினால் வருவதா, பிறவியில் அமைவதா என்று நெடுங்காலம் வாதிட்டவர்களுக்கு 2012ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. சுவீடன் தேசத்தின் உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், குதிரையின் 23ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள டி.எம்.ஆர்.டி. 3 என்னும் பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரு சிறு விகாரமே மென்னடைக்குப் பெரிதும் காரணமாகின்றது எனக் கண்டனர். முண்ணாணிலுள்ள சில நரம்புக்கலங்களே, எந்தக் கால் எப்பொழுது எழவேண்டும் என்பதை இசைவிக்கின்றன. அவ்விசைவில் இந்த அலகுக்குப் பங்குண்டு. அலகு மாறினால் தாளமும் மாறுகின்றது.

இவ்விகாரம் தோன்றிய காலத்தையும் ஆராய்ந்தனர். பழைய குதிரை எலும்புகளைச் சோதித்தபோது, கி.பி. 850க்கும் 900க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தின் எலும்புகளில் அது காணப்பட்டது. ஐஸ்லாந்தின் பழைய எலும்புகளிலும் இருந்தது. கடலோடிகள் அங்கிருந்து இங்கு கொண்டு சென்றிருத்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கருதுகின்றது. இன்று அது உலகின் பல்வேறு இனங்களிற் பரவியுள்ளது. மோர்கன் இனத்திலோ சிறுபான்மையானவற்றிலேயே காணப்படுகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இவ்வலகு ஒன்றே நடையை முற்றாக நிர்ணயிப்பதில்லை. அமெரிக்காவின் துள்ளோட்டப் பந்தயக் குதிரைகளிற் பெரும்பாலானவை இவ்விகாரத்தை உடையனவாயிருந்தும், அவை பந்தயத் திடலிலே துள்ளோட்டமே ஓடுகின்றன. பாய்ச்சலுக்கு மாறாமல் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்ட அது துணைசெய்கின்றது. பிரேசில் நாட்டிலோ, இவ்விகாரம் இல்லாமலே ஒருவகை மென்னடை பயிலும் குதிரைகள் உள்ளன. உடலமைப்பும், சமநிலையும், பயிற்சியும் சேர்ந்தே நல்ல நடையை ஆக்குகின்றன. பரம்பரையலகு கதவைத் திறந்துவிடுகின்றது; உள்ளே நுழைவது குதிரையின் பாடும் அதனைப் பயிற்றுவோர் பாடுமாகும்.

வாங்கச் செல்வோர்க்கு

மெல்நடை மோர்கன் ஒன்றை வாங்கக் கருதுவோர் முதலில் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. பதிவுச் சீட்டில் குதிரையின் பெயரும், நிறமும், பெற்றோரும் இருக்கும். டி.என்.ஏ. சோதனையால் பெற்றோர் உறுதிசெய்யப்பட்டிருக்கும். உரிமை மாற்றப் பத்திரமும் செவ்வையாயிருத்தல் அவசியம். ஆனால், நடை எப்படிப்பட்டது என்பதைச் சீட்டைப் படித்து அறிய முடியாது. அதற்குக் குதிரையைப் போய்ப் பார்ப்பதே வழி.

பார்க்கும்பொழுது, சேணம் பூட்டித் தயாராக நிற்கும் குதிரையைப் பார்த்து மயங்கலாகாது. அது புல்வெளியிற் கட்டின்றித் திரியும்போது பார்த்தல் வேண்டும். எவரும் ஏறாத நிலையிற் குதிரை தானாகவே மென்னடை பயிலுமாயின், அது பிறவி நடை என நம்பலாம். பின்னர், அதனைப் பிடித்துக் கட்டுவதையும், கால்களைத் தூக்கிக் குளம்பு துலக்குவதையும், சேணம் இடுவதையும் கூடநின்று காண்க. மோர்கனுக்குப் பெருமை தருவது அதன் நற்குணம். அந்தக் குணம் லாயத்திலேயே புலப்பட்டுவிடும். விற்பவர் முதலில் ஏறிக் காட்டட்டும். பின்னரே வாங்குபவர் ஏறுதல் வேண்டும். சமதரையில் மட்டுமன்றி ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடத்திப் பார்க்கவேண்டும். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் மட்டுமே வரும் நடை, வீட்டுக்கு வந்தபின் வராமற் போதலும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையைக் கேட்பதும் நல்லது. ‘தகதிமி’ சீராய் ஒலிக்கின்றதா என்பதைக் காது பொய்யாது சொல்லும்.

அடுத்தது உடல் நலம். வாங்குபவர் தாமே அமர்த்திய மிருக வைத்தியர் ஒருவரைக் கொண்டு, கண், பல், இருதயம், சுவாசம், மூட்டு, குளம்பு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். விற்பவரின் வைத்தியரையே நம்புதல் நன்றன்று. பிடரிமயிரை வேரோடு சிறிது பிடுங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், நடைக்குரிய அலகை மாத்திரமன்றி நோய்க்குரிய அலகுகளையும் அறியலாம். தசைநார்களில் மாச்சத்து அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்து, வேலை செய்யும்போது தசை இறுகி வலிக்கும் பரம்பரைநோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான விகாரம் 2008ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. மோர்கன் இனத்திலும் அது சிலவற்றில் உண்டு. வெள்ளிச் சாயல் படிந்த பிடரியுடைய மோர்கன்கள் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. ஆனால், அந்நிறத்தைத் தரும் அலகோடு பிறவிக் கண்கோளாறும் தொடர்வதுண்டு. அழகைக் கண்டு அவசரப்படுவோர் இதனை மறத்தலாகாது.

மோர்கன் நெடுநாள் வாழும் இனம். முப்பது வயது என்பது அதற்கு அரியதன்று. ஆகவே குதிரையின் விலையை மட்டும் எண்ணாது, அத்தனை ஆண்டுத் தீனியையும், லாடத்தையும், வைத்தியத்தையும் எண்ணிய பின்னரே பணப்பையைத் திறத்தல் அறிவுடைமையாகும்.

இனவிருத்தி செய்வோர்க்கு

பெற்றோரிடமிருந்து ஒவ்வோர் அலகும் இரண்டு பிரதிகளாகக் குட்டிக்கு வருகின்றது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. தாயும் தந்தையும் மென்னடை அலகை இரட்டையாக உடையனவாயின் குட்டிகள் எல்லாம் அவ்வாறே பிறக்கும். இரட்டையாக உடைய ஒன்றோடு சிறிதும் இல்லாத ஒன்றைச் சேர்த்தால், எல்லாக் குட்டிகளும் ஒற்றைப் பிரதி பெறும். இரு பெற்றோரும் ஒற்றைப் பிரதியே உடையனவாயின், இரட்டைப் பிரதிக்கு நான்கில் ஒரு வாய்ப்பும், ஒற்றைப் பிரதிக்கு நான்கில் இரண்டு வாய்ப்பும், சிறிதும் இல்லாமைக்கு நான்கில் ஒரு வாய்ப்பும் உண்டு. இது வாய்ப்பே அன்றி வாக்குறுதி அன்று. நான்கு குட்டிகளும் நடையின்றிப் பிறந்தாலும் இயற்கையைக் குறைகூற இயலாது.

அப்படியானால் இரட்டைப் பிரதி உடையவற்றையே தேடிச் சேர்த்துவிடலாமே என்று மாணவர்கள் வினவலாம். அங்கேதான் இடர் இருக்கின்றது. மெல்நடை மோர்கன்கள் தொகையிற் குறைந்தவை. அவற்றையே மீண்டும் மீண்டும் தம்முட் சேர்த்தால் உறவுக்குள் உறவு நெருங்கும். மறைந்திருந்த குறைகள் தலைகாட்டும். மேலும், ஐஸ்லாந்துக் குதிரைகளில் நடந்த ஆய்வுகளின்படி, இரட்டைப் பிரதி உடையவை ஒருபுற ஓட்டத்திற் சிறந்தும், துள்ளோட்டத்திலும் மென்பாய்ச்சலிலும் சற்றுக் குறைந்தும் காணப்படுகின்றன. மோர்கன் என்றாலே பல தொழிலுக்கும் உதவும் குதிரை என்பது பொருள். நடையைப் பெறுவதற்காக அதன் நிமிர்ந்த கழுத்தையும், உறுதியான குளம்பையும், இனிய குணத்தையும் இழப்பது, ஊஞ்சலுக்காக வீட்டு வளையை அறுப்பது போன்றதாகும். எனவே, அறிவுடையோர் நடை அலகு இல்லாத சிறந்த மோர்கன்களையும் இடையிடையே சேர்த்துக் குலத்தை அகலமாக வைத்திருப்பர்.

பெண்குதிரையின் வேட்கைச் சக்கரம் ஏறத்தாழ 21 நாட்கள். பகற்பொழுது நீளும் வசந்தத்திலும் கோடையிலுமே அது ஒழுங்காக வரும். சினைக்காலம் ஏறக்குறைய 340 நாட்கள். அதாவது பதினொரு மாதத்துக்குச் சற்றே மேல். ஆகவே இவ்வாண்டு வசந்தத்திற் சேர்த்தால் மறுவசந்தத்திற் குட்டி பிறக்கும். பச்சைப் புல்லும் மெல்லிய வெயிலும் அதனை வரவேற்கும்.

பெரும்பாலும் இரவிலேயே குதிரை ஈனும். பனிக்குடம் உடைந்தபின் அரைமணி நேரத்துள் குட்டி வெளிவருதல் இயல்பு. தாமதமானால் உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். முதல் மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கவேண்டும். இரண்டாம் மணி நேரத்துள் பால் குடிக்கவேண்டும். மூன்றாம் மணி நேரத்துள் தாய் இளங்கொடியைக் கழிக்கவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்னும் இக்கணக்கைக் குதிரை வளர்ப்போர் மந்திரம்போல மனப்பாடம் செய்வர். நோயைத் தடுக்கும் சக்தி தாயின் கருப்பையினூடாகக் குட்டிக்குச் செல்வதில்லை. முதல் நாளிற் குடிக்கும் சீம்பாலின் மூலமே அது கிடைக்கின்றது. எனவே, அந்தச் சில மணி நேரத்தின் கவனக்குறைவு ஓராண்டுக் காத்திருப்பை வீணாக்கிவிடும்.

தாயின் அருகில் ஓடும் குட்டியின் கால்களைப் பார்த்திருத்தல் வளர்ப்போரின் பெருமகிழ்ச்சி. பிறந்த சில நாட்களிலேயே சில குட்டிகள் மென்னடை காட்டும். ஆனால், வளருங்காலத்தில் உடலின் அளவுகள் மாறுந்தோறும் நடையும் மாறலாம். ஆதலின், முதல் வாரத்திற் கண்டதை வைத்து விலைபேசுவதும், காணவில்லையென்று வெறுப்பதும் ஒருங்கே தவறாகும். மூன்று வயதுக்கு முன் அதன் முதுகில் ஏறுதல் தகாது. முதுகெலும்பு முழுவளர்ச்சி பெற ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும். பொறுத்தார்க்கே பூமி என்பது குதிரைக்கும் பொருந்தும்.

ஆசை எல்லை கடந்தால்

மென்னடையின்மீது கொண்ட மோகம் கொடுமையாக மாறியதும் உண்டு. கறுப்பு அலனின் வழித்தோன்றல்களாகிய டெனசி நடைக்குதிரைகளின் காட்சிப் போட்டிகளில், முன்னங்கால்களை மிக உயரத் தூக்கும் செயற்கை நடைக்குப் பரிசுகள் குவிந்தன. அதனைப் பெறுவதற்காகச் சிலர் கணுக்காலின் கீழே எரிச்சலூட்டும் திராவகங்களைத் தடவினர். அப்புண்ணின்மேற் சங்கிலியைக் கட்டினர். நிலத்தில் ஊன்ற அஞ்சிக் காலைத் தூக்கிய அவ்வாயில்லாப் பிராணியின் வேதனையை, அழகென்று எண்ணிப் பார்த்திருந்தோர் கைதட்டினர். இத்தகைய குதிரைகளைக் காட்சிக்கு விடுவதைத் தடைசெய்து 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சட்டம் வந்த பின்னரும் கொடுமை முற்றாக ஒழிந்துவிடவில்லை.

மெல்நடை மோர்கனை வளர்ப்போர் இதனைத் தமக்கு ஒரு படிப்பினையாகக் கொள்ளல் நலம். இந்த நடை ஓர் இயற்கைக் கொடை. வெறுங்காலுடன் புல்வெளியில் ஓடும் குட்டி தானாகக் காட்டும் அளவே அதன் உண்மை அளவு. அதற்குமேல் வேண்டுமென்று கனத்த லாடத்தாலும் கசையாலும் பறிக்க முயல்வோர், நடையையும் இழப்பர். குதிரையின் நம்பிக்கையையும் இழப்பர்.

ஃபிகர் எவ்வாறு நடந்தது என்று லின்ஸ்லியின் நூல் சொல்கின்றது: விரைந்து நடக்கும், துள்ளோட்டத்திலோ வேகமின்றி, மென்மையாகக் குறுகிய அடியிட்டுச் செல்லும். சுமந்தவரை வருத்தாத அக்குதிரையை, வைத்திருந்தவர்கள் தம் தேவைக்கு எடுத்தாண்டு, தேவை தீர்ந்ததும் கைமாற்றி, இறுதியில் ஒரு கூரையின்கீழ்க் கட்டவும் மறந்தனர். இன்று அதன் வழிவந்த குதிரையொன்றை வாங்குவோர், பாட்டு வாத்தியாரைப் போலக் கடனுக்கு ஈடாகப் பெறுவதில்லை. நல்ல விலை கொடுத்தே வாங்குகின்றனர். ஆயினும், அம்முதற்குதிரைக்குச் செலுத்தாது விடப்பட்ட கடன் ஒன்று இன்னும் இருக்கின்றது. குளிர்காலத்தில் ஒரு கூரை, முதுமையில் ஒருபிடி தீனி, கடைசிவரை மாறாத ஓர் உரிமையாளர். அக்கடனைத் தீர்க்க மனமுடையோரே அதன் பிள்ளைகளின் முதுகில் ஏறத் தகுதியுடையோர் ஆவர்.